நோயின் நற்பயன் வேண்டியவர்: பிளேஸ் பாஸ்கல்

அழுத்தத்தை அளக்கும் அலகு ஒன்று பாஸ்கல் என்னும் பெயரால் வழங்குவதைப் பள்ளி மாணவரும் அறிவர். 1971ஆம் ஆண்டில் அனைத்துலக அளவை மாநாடு அப்பெயரை ஏற்றுக்கொண்டது. அப்பெயருக்கு உரியவரான பிளேஸ் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்தவர். கணிதம், இயற்பியல், உரைநடை இலக்கியம், சமயச் சிந்தனை ஆகிய நான்கு துறைகளிலும் அழியாத் தடம் பதித்தவர். அவர் இவ்வுலகில் வாழ்ந்த காலமோ 39 ஆண்டுகளே. பதினெட்டாம் அகவை தொட்டுத் தாம் நோவின்றிக் கழித்த நாள் ஒன்றேனும் இல்லை என அவர் கூறுவதுண்டு என்று, அவர்தம் தமக்கையார் ஜில்பெர்த் எழுதிய வாழ்க்கை வரலாறு தெரிவிக்கின்றது.

நோயுற்றவர் கடவுளை நோக்கிக் கைகூப்புங்கால் முதலில் நாவில் எழுவது நோய் நீங்க வேண்டும் என்னும் வேண்டுதலே. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. விவிலியத்தில் இயேசுவை நாடிச் சென்ற தொழுநோயாளரும் பார்வையற்றோரும் அதனையே வேண்டினர், பெற்றும் சென்றனர். ஆயினும் வேண்டியும் நோய் நீங்காதவர் நிலை யாது? அவர்தம் நம்பிக்கை குறையுடையதோ? அன்றி, நோய் நீங்காத நிலையிலும் வேண்டுதற்கு உரியது வேறு ஏதேனும் உண்டோ? இவ்வினாக்களுக்குப் பாஸ்கல் நூலறிவால் விடை தேடினாரல்லர். தம் உடம்பையே களமாகக் கொண்டு விடை தேடினார். அவ்வகையில் அவர் வாழ்க்கை எண்ணத்தக்கதாகின்றது.

பிறப்பும் இளமையும்

பாஸ்கல் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பிரான்சின் நடுப்பகுதியில் அமைந்த கிளெர்மோன் நகரில் பிறந்தார். தந்தையார் எத்தியேன் பாஸ்கல் வரி வழக்குகளை ஆயும் நீதிமன்றத்தில் உயர் பதவி வகித்தவர். கணிதப் புலமை மிக்கவர். பாஸ்கலுக்கு மூன்று அகவை நிரம்பியிருந்த 1626ஆம் ஆண்டில் அன்னையார் மறைந்தார். தமக்கை ஜில்பெர்த், தங்கை ஜாக்லீன், இடையில் பாஸ்கல் என மூன்று குழந்தைகளையும் தந்தையே வளர்த்தார். 1631இல் குடும்பம் பாரிஸ் மாநகருக்குக் குடிபெயர்ந்தது. மைந்தனை எந்தப் பள்ளிக்கும் அனுப்பாது தந்தையே ஆசிரியராக இருந்து கற்பித்தார்.

மொழிப் பயிற்சி முற்றுப்பெறும் வரையில் கணிதத்தை மைந்தன் கண்ணிற் படாது வைத்திருக்கத் தந்தை எண்ணினார். ஆயினும் பன்னிரண்டு அகவைச் சிறுவன், தானே கோடுகளும் வட்டங்களும் வரைந்து, முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரு செங்கோணங்களுக்கு நிகர் என்னும் உண்மையை எட்டினான் என ஜில்பெர்த் குறிப்பிடுவர். 1640இல், பதினாறாம் அகவையிலேயே, கூம்பு வெட்டுகள் பற்றிய பாஸ்கலின் கட்டுரை அச்சேறியது.

அவ்வாண்டிலேயே தந்தையார் நார்மண்டிப் பகுதியில் உள்ள ரூவான் நகரில் அரசின் வரிப் பொறுப்பேற்றார். இரவெல்லாம் கணக்குகளோடு போராடிய தந்தைக்கு உதவும் பொருட்டு, 1642ஆம் ஆண்டு முதல் பற்சக்கரங்களால் இயங்கும் கணக்கிடும் பொறி ஒன்றை உருவாக்கும் முயற்சியில் மைந்தர் இறங்கினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்த பின்னரே அப்பொறி நிறைவு பெற்றது. கடும் உழைப்பில் கழிந்த அவ்வாண்டுகளிலேயே உடல் நலிவு தொடங்கிற்று என்பது தமக்கையார் கூற்று.

தந்தையின் விபத்து

1646ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் எத்தியேன் பனிக்கட்டி படர்ந்த தரையில் வழுக்கி வீழ்ந்தார். தொடையெலும்பு ஊறுபட்டது. எலும்பு முறிவுக்கு மருத்துவம் செய்வதில் கைதேர்ந்த உடன்பிறந்தார் இருவர் அவ்வில்லத்தில் மூன்று திங்கள் தங்கிப் பண்டுவம் செய்தனர். அவ்விருவரும் இறைப்பற்று மிக்கவர்கள்; போர் ரொயால் என்னும் துறவியர் இல்லத்தைச் சார்ந்து எழுந்த சமய மறுமலர்ச்சியில் ஈடுபட்டவர்கள். மனிதன் தன் முயற்சியால் அன்று, இறைவன் அருளாலேயே கரை சேர்வான் என்பதை அம்மறுமலர்ச்சியினர் அழுத்தமாக வலியுறுத்தினர். யான்சேன் என்னும் ஆயரின் நூலைப் பின்பற்றியமையால் அவர்களை யான்சேனியர் எனப் பிறர் அழைத்தனர்.

முறிந்த எலும்பைக் கட்ட வந்தவர்கள் கொணர்ந்த நூல்களை முதலில் பாஸ்கல் படித்தார். பின்னர்க் குடும்பத்தார் அனைவரும் படித்தனர். வழக்கமான சமயக் கடமைகளோடு நின்றிருந்த அக்குடும்பம் இறைவனை வாழ்வின் நடுவில் வைத்து எண்ணத் தொடங்கியது. ஒரு நோய்ப்படுக்கையின் அருகே அவ்வில்லத்தில் சமய உணர்வு வேரூன்றியது என்பது பின்னர் நிகழவிருந்தவற்றுக்கு ஒரு முன்னறிகுறி போல் அமைந்தது.

நோயினூடே ஆய்வு

அடுத்த ஆண்டிலேயே பாஸ்கலின் உடல்நிலை பெரிதும் சீர்கெட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு குன்றி, ஊன்றுகோல் துணையின்றி நடக்க இயலாதவரானார். தாங்கொணாத் தலைவலியும் வயிற்றெரிச்சலும் வருத்தின. நீர்ப்பொருள் எதனையும் வெதுவெதுப்பாக்கித் துளித்துளியாகவே விழுங்க முடிந்தது. இந்நிலையில் மருத்துவர்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் பேதி மருந்து கொடுத்தனர். மூன்று திங்கள் இவ்வாறு நடந்தது. காண்போர் உளம் குமட்டும் அம்மருந்துகளை அவர் சிறிதும் முகம் சுளியாது துளித்துளியாக அருந்தினார் எனத் தமக்கையார் நினைவுகூர்வர். மருத்துவத்தை அவர் இகழ்ந்தவரல்லர் என்பது இவண் மனங்கொள்ளத்தக்கது.

மருத்துவ உதவி நாடித் தங்கை ஜாக்லீனுடன் 1647ஆம் ஆண்டுக் கோடையில் பாரிசுக்குத் திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 23, 24 ஆகிய இரு நாள்களிலும் மெய்யியலறிஞர் டேக்கார்ட் அவரைக் காண வந்தார். வெற்றிடம் உண்டா இல்லையா என்பது பற்றி அறிஞர் இருவரும் உரையாடினர், கருத்து ஒன்றவில்லை. ஆயினும் பிரியுமுன் டேக்கார்ட் நோயாளிக்கு இரண்டு அறிவுரைகள் வழங்கிச் சென்றார்: நெடுநேரம் படுக்கையிலேயே ஓய்வு கொள்ள வேண்டும், நல்ல சாறு பருக வேண்டும்.

ஓய்வு கொள்ளும் இயல்பு பாஸ்கலிடம் இல்லை. காற்றின் எடையே பாதரசத்தைக் குழாயில் தாங்கி நிறுத்துகிறது எனின், உயரச் செல்லுந்தோறும் பாதரசம் தாழ வேண்டும் என அவர் கணித்தார். மலையேறும் வலிமை தமக்கில்லாமையால், தமக்கையின் கணவர் ஃபுளோரன் பெரியேயிடம் அப்பணியை ஒப்படைத்தார். 1648ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் கிளெர்மோனை அடுத்த பியு த தோம் மலையுச்சியில் பெரியே குழாயை நிறுத்தியபோது, பாதரசம் அடிவாரத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ 3 அங்குலம் தாழ்ந்து நின்றது. பாரிசில் நோயுடன் இருந்தவரின் சிந்தனை மலைமுகட்டில் மெய்ப்பிக்கப்பெற்றது.

இருளும் ஒளியும்

1651ஆம் ஆண்டு செப்டம்பரில் தந்தை மறைந்தார். 1652 ஜனவரியில் ஜாக்லீன், தமையனார் விருப்பமின்மையையும் பொருட்படுத்தாது, போர் ரொயால் துறவு மடத்திற் புகுந்தார். தனிமையில் விடப்பட்ட பாஸ்கல் சில ஆண்டுகள் உயர்குடி நண்பர் வட்டத்தில் உலவினார். 1654இல் கணித மேதை ஃபெர்மாவுடன் அவர் நிகழ்த்திய மடல் தொடர்பு நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிகோலியது. புகழ் ஓங்கியது, உள்ளமோ வறண்டது. உலக வாழ்வின்மீது பெருவெறுப்பும், இறைவனிடத்து ஈர்ப்பின்மையும் ஒருசேரத் தம்மை வாட்டுவதைத் தங்கையிடம் அவர் வெளியிட்டார்.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு, ஏறத்தாழப் பத்தரை மணி முதல் நள்ளிரவு கடந்து அரை மணி வரையில், அவர் வாழ்வின் போக்கையே மாற்றிய இறையனுபவம் ஒன்று வாய்த்தது. அதனை அவர் எவரிடமும் உரைத்தாரல்லர். சில வரிகளில் எழுதி, அத்தாளையும் அதன் படியாகிய தோலேட்டையும் மேலங்கியின் உட்பக்கம் வைத்துத் தைத்துக்கொண்டார். அங்கி மாற்றுந்தோறும் பிரித்துத் தைத்தார். அவர் மறைந்து சில நாள்கள் கழித்தே பணியாள் ஒருவர் கையில் அது அகப்பட்டது. எட்டு ஆண்டுக் காலம் தம் நெஞ்சருகே அவர் சுமந்த அவ்வேட்டின் உறுதியே, பின்னர் வந்த நோய்க் காலத்தில் அவர்க்கு ஊன்றுகோலாயிற்று எனலாம்.

தமக்கை மகளின் கண்

1656ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று பாஸ்கலின் இறைநம்பிக்கையை ஆராய்வார் எவரும் விடுத்தற்கியலாதது. ஜில்பெர்த்தின் மகளும் பாஸ்கலின் ஞானமகளுமாகிய மார்கரித் பெரியே, பாரிசில் இருந்த போர் ரொயால் மடத்தில் தங்கிக் கல்வி பயின்று வந்தாள். அப்பத்து அகவைச் சிறுமியின் கண்ணோரத்தில், மூக்கை ஒட்டி, மூன்றரை ஆண்டுகளாக ஆறாத சீழ்ப்புண் இருந்தது. சீழ் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வடிந்தது. சூட்டுக்கோலால் சுடுவதே இறுதி வழி என அறுவை மருத்துவர் முடிவு செய்திருந்தார்.

மார்ச்சு 24ஆம் நாள், இயேசுவின் முள்முடியைச் சேர்ந்ததெனப் போற்றப்பட்ட முள் ஒன்று மடத்துக்குக் கொணரப்பட்டது. கன்னியர் ஒவ்வொருவராக வணங்கிச் சென்றபோது, சிறுமியின் கண்ணில் அத்திருப்பேழை தொடப்பெற்றது. அன்று மாலையே புண்ணும் வீக்கமும் மறைந்தன எனக் கண்டோர் உரைத்தனர். சில நாள் கழித்து வந்த மருத்துவர் வியந்தார். மருத்துவர் பலர் சான்றளித்தனர். அக்டோபர் 22ஆம் நாள் பாரிஸ் மறைமாவட்ட நிருவாகம் அதனை அருஞ்செயல் என அறிவித்தது. இயேசு சபையாருடன் கடும் கருத்துப் போரில் ஈடுபட்டு, ஆட்சியாளர் சினத்துக்கும் ஆளாகியிருந்த போர் ரொயால் இல்லத்துக்கு அந்நிகழ்ச்சி சிறிது காலம் மூச்சுவிட இடம் தந்தது. அப்போரில் அவ்வில்லத்தின் சார்பாக நாட்டுப்புற மடல்கள் என்னும் பதினெட்டு மடல்களை மறைபெயரில் எழுதிவந்தவர் பாஸ்கலே. பிரெஞ்சு உரைநடையின் மணிமுடியாக அவை இன்றும் மதிக்கப்பெறுகின்றன.

பாஸ்கல் பேருவகை எய்தினார். முள்முடி சூழ்ந்த கண் ஒன்றைத் தம் முத்திரையாக அமைத்துக்கொண்டார். கிறித்தவ சமயத்தின் உண்மையை நிறுவும் பெருநூல் ஒன்றை எழுதும் எண்ணமும் இதனை ஒட்டியே உருப்பெற்றது. அதற்கென அவர் எழுதிவைத்த குறிப்புகளே, 1670ஆம் ஆண்டில் சிந்தனைகள் என்னும் தலைப்பில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றன.

இங்கு ஒரு வினா எழுதல் இயல்பு. தம் குடும்பத்துச் சிறுமியின் நோயைக் கடவுள் ஒரு நொடியில் நீக்கினார் என முழு மனத்துடன் நம்பியவர் பாஸ்கல். அவருடைய நோயோ சிறுமியின் நோயினும் நெடியது. அத்தகைய நலத்தைத் தமக்கும் வேண்டுவதே எவர்க்கும் இயல்பாகும். அவரோ வேறொன்றை வேண்டினார். திருத்தூதர் பவுல் தம் உடலில் தைத்த முள் நீங்குமாறு மும்முறை வேண்டியும் அது நீங்காது, அருள் மட்டுமே போதும் என்னும் விடை பெற்றதை விவிலியம் பகரும். சிறுமிக்கு முள்ளால் நலம் வந்தது; மாமனுக்கோ பவுலடியார்க்குப் போல முள் நிலைத்தது. இரண்டும் ஒரே கடவுளின் கையிலிருந்து வந்தவை என ஏற்றமையே பாஸ்கலின் நம்பிக்கைக்கு உரைகல்லாகும்.

நற்பயன் வேண்டும் மன்றாட்டு

1658ஆம் ஆண்டில் பல்வலியால் உறக்கமின்றிக் கிடந்த இரவொன்றில், வலியை மறக்கும் பொருட்டு வட்டப்புள்ளி வரை பற்றிய கடினமான கணக்குகளை எண்ணத் தொடங்கி அவற்றுக்குத் தீர்வு கண்டார் என்பர். அதன் பின்னர் அத்தகைய ஆற்றலும் குன்றியது. 1659ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் படிக்கவும் எழுதவும் இயலாத சோர்வு அவரைப் பற்றியது. மறைவு வரையில் அது முற்றிலும் நீங்கவில்லை. எழுதக் கருதிய பெருநூல் துண்டுத் தாள்களாகவே நின்றது.

1660ஆம் ஆண்டில் ஃபெர்மா அவரைச் சந்திக்க விழைந்தார். ஊன்றுகோலின்றி நடக்கவும், குதிரையேறவும், வண்டியில் நெடுந்தொலைவு செல்லவும் தமக்கு இயலவில்லை என்றும், பாரிசிலிருந்து கிளெர்மோன் வந்து சேர 22 நாள்கள் ஆயின என்றும் பாஸ்கல் விடை எழுதினார். வடிவியல் மனித அறிவுக்குச் சிறந்த பயிற்சியே எனினும், அது ஒரு கைத்தொழில் போன்றதே என்றும், அதன்பொருட்டு இனித் தாம் ஓரடியும் எடுத்துவைப்பது ஐயமே என்றும் அம்மடலில் குறித்தார்.

நோய்களின் நற்பயனைக் கடவுளிடம் வேண்டும் மன்றாட்டு என்னும் அவரது சிறுநூல் இக்காலத்தை ஒட்டியது எனக் கருதப்படுகின்றது. அது 15 சிறு பகுதிகளைக் கொண்டது. அவர் மறைவுக்குப் பின் 1666இல் முதன்முதலாக அச்சேறியது. அதன் அமைப்பை உற்று நோக்கின், நோயாளி ஒருவர் படிப்படியாக உள்ளத்தில் கடந்து சென்ற வழியை உணரலாம்.

தொடக்கத்தில் அவர் தம் நலமான நாள்களை எண்ணிப் பார்க்கின்றார். உடல்நலம் தொண்டாற்றுவதற்கெனத் தரப்பட்டது; அதனைத் தம் விருப்பங்களுக்கே செலவிட்டதாக ஒப்புக்கொள்கின்றார். இப்பொழுது நோய் தரப்பட்டுள்ளது. பொறுமையின்மையால் இதனையும் வீணாக்கிவிடாதிருக்க அருள் வேண்டுகின்றார். நலத்தைத் தவறாகப் பயன்படுத்தியது போல் நோயையும் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடும் என்னும் அச்சமே அம்மன்றாட்டின் வித்து. நோயுற்றோர் யாவரும் தாமே தூயராகிவிடுவதில்லை. வலி மனிதனைக் கசப்புடையவனாகவும் தன்னலமியாகவும் ஆக்கிவிட வல்லது. பல்லாண்டு நோயுடன் வாழ்ந்தவர்க்கே இவ்வுண்மை இவ்வளவு தெளிவாகத் தோன்றும்.

அடுத்து, வேண்டத்தக்கது எது என அவர் வகுத்துக் காண்கின்றார். துன்பமே இல்லாத நிலை விண்ணகத்தார்க்கு உரிய பேறு. அதனை இம்மையில் அவர் கேட்கவில்லை. ஆறுதலே இல்லாத துன்பத்தையும் அவர் கேட்கவில்லை. அது மனித இயல்பு தாங்குவதற்கு அரிது. இயற்கையான வலியும் தூய ஆவியார் தரும் ஆறுதலும் ஒருங்கே அமைந்த நிலையையே வேண்டுகின்றார். அதுவே கிறித்தவர் நிலை என்பது அவர் துணிபு. வலியை வலியன்று என மறுக்கும் மன உறுதி அவர் வேண்டியதன்று. அழுகையும் அமைதியும் ஒரே நெஞ்சில் தங்க இடமுண்டு என்பதே அவர் கண்டது.

இறுதியில் வேண்டுதல் மேலும் எளிமை பெறுகின்றது. நலம், நோய், வாழ்வு, சாவு ஆகிய நான்கில் எதனையும் குறித்து அவர் கேட்கவில்லை. தமக்கு ஏற்றது எதுவெனத் தாம் அறியார், கடவுளே அறிவார். அவர் விருப்பத்தைப் பின்பற்றுவது நன்று, மீறுவது தீது என்னும் ஒன்று மட்டுமே தமக்குத் தெரியும் என்று கூறி, நான்கையும் இறைவனிடமே விட்டுவிடுகின்றார். அளந்தும் எண்ணியும் வாழ்ந்த அறிவியலாளர், அளக்கவொண்ணாத இடத்தில் அளவுகோலைக் கீழே வைத்த காட்சி இது.

கடுமையும் கனிவும்

பாஸ்கலின் வாழ்வில் ஏற்றற்கரிய கூறும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. முட்கள் பொருந்திய இரும்புக் கச்சை ஒன்றை அணிந்து, தற்பெருமை தலைதூக்குந்தோறும் முழங்கையால் அதனை அழுத்திக்கொள்வார். உணவின் சுவையைப் பாராட்டிப் பேசுவதையும் தவிர்ப்பார். நோயுற்ற உடம்பை மேலும் ஒறுத்தல் தகுமோ என்னும் ஐயம் அவர் காலத்தவர்க்கே எழுந்திருத்தல் கூடும்.

ஜில்பெர்த்துக்கு மற்றொரு மனக்குறையும் இருந்தது. அன்போடு பணிவிடை செய்யச் சென்றால் தம்பி முகங்கொடாது இருப்பதாக அவர் வருந்தினார். தம்மேல் எவரும் பற்று வைத்தல் ஆகாது. இறக்கவிருக்கும் மனிதரை இறுகப் பற்றிக்கொள்வோர் இறைவனை நாடும் வழியில் தடைப்படுவர் என்று பாஸ்கல் கருதினார். இக்கருத்தை ஒரு சிறு தாளில் எழுதித் தம்முடன் வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் அதனைக் கண்ட பின்னரே தமக்கையார் ஐயம் தெளிந்தார். எனினும் தம்பியின் தண்மையற்ற நடத்தையால் அவர் பட்ட வருத்தம் மெய்யானதே. நோயாளியின் இறைப்பற்று, அருகிருந்து பேணுவார் உள்ளத்தைப் புண்படுத்தாதிருத்தலும் வேண்டும் என்னும் படிப்பினையை இதனின்று பெறுதல் தவறாகாது.

1661ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஜாக்லீன் போர் ரொயாலில் மறைந்தார். யான்சேனியரைக் கண்டித்து வரையப்பட்ட அறிக்கையில் ஒப்பமிடுமாறு கன்னியர் கட்டாயப்படுத்தப்பட்டமையே அவரை நலிவித்தது. உயிரினும் இனிய தங்கையின் இறப்பைப் பாஸ்கல் அமைதியுடன் ஏற்றார்.

அவ்வமைதி செயலற்றதாக நின்றுவிடவில்லை. வண்டி வைத்துக்கொள்ள இயலாத எளியோரும் சிறு கட்டணத்தில் நகருக்குள் சென்றுவரும் பொருட்டு, ரோவன்னே பிரபுவுடன் சேர்ந்து அவர் வகுத்த பொது வண்டித் திட்டம் 1662ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் பாரிசில் தொடங்கியது. கட்டணம் 5 சூ. இன்றைய நகரப் பேருந்துகளுக்கு அதுவே முன்னோடி. அக்குளிர்காலத்தில் புளுவா நகரப் பகுதியில் பஞ்சம் தலைவிரித்தாடியது. வண்டித் திட்டத்தில் தமக்கு வரக்கூடிய பங்கிலிருந்து ஆயிரம் பிராங்கு முன்பணமாகப் பெற்று அவ்வேழையர்க்கு அனுப்ப அவர் முயன்றார்.

இறுதி நாள்கள்

1662ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் இல்லத்தில் ஏழைக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. உறைவிடமும் விறகும் அவர் கொடையாக அளித்தவை. அக்குடும்பத்துச் சிறுவனுக்கு அம்மை கண்டது. பாஸ்கலைப் பேண நாள்தோறும் வந்துசெல்லும் ஜில்பெர்த்தின் பிள்ளைகளுக்குத் தொற்று நேரலாம் என்னும் அச்சம் எழுந்தது. நோயுற்ற சிறுவனை வேறிடத்துக்கு மாற்றுதலே எவர்க்கும் தோன்றும் வழி. பாஸ்கலோ, இடம்பெயர்வதால் சிறுவனுக்கு நேரக்கூடிய தீங்கு தமக்கு நேர்வதினும் மிகுதி எனக் கருதி, ஜூன் 29ஆம் நாள் தாமே வீட்டை விட்டுத் தமக்கை இல்லம் சென்றார். மீண்டும் அவர் தம் வீட்டுக்குத் திரும்பவில்லை.

மூன்றே நாள்களில் கொடிய வயிற்றுவலி அவரைப் பற்றியது. நாடி நன்கு உள்ளது, காய்ச்சல் இல்லை, ஆதலின் அஞ்சற்க என மருத்துவர் உரைத்தனர். பின்னர்த் தலைவலியும் மயக்கமும் மிகுந்தன. தம் நிலை மருத்துவர் கருதுவதினும் கடுமையானது என உணர்ந்த பாஸ்கல், ஆகஸ்டு 3ஆம் நாள் இறுதி விருப்ப ஆவணம் எழுதினார். பங்குக் குருவாகிய பூரியே அடிகளிடம் ஒப்புரவு பெற்றார். நற்கருணை உட்கொள்ள விழைந்தார். அதற்கேற்ற பேரிடர் இல்லை எனக் கூறி மருத்துவர்கள் அதனைத் தள்ளிப்போட்டனர்.

அந்நாள்களில் ஒருமுறை, ஏழைகளிடத்து இத்துணை அன்பிருந்தும் தாம் அவர்கட்கு ஒன்றும் செய்யவில்லையே எனத் தமக்கையிடம் வருந்தினார். பெருஞ்செல்வம் இல்லாமையால் இயலவில்லை என அவர் தேற்றினார். பொருள் இல்லையெனினும் காலத்தையும் உழைப்பையும் கொடுத்திருக்கலாமே என்றும், மருத்துவர் கூற்றுப்படி பிழைத்து எழுந்தால் எஞ்சிய நாளெல்லாம் ஏழையர் தொண்டன்றி வேறு பணி கொள்வதில்லை என உறுதி பூண்டிருப்பதாகவும் பாஸ்கல் மறுமொழி கூறினார். நோயைக் கொண்டே உடல்நலத்தின் பயனை அவர் கற்றார் என்பது இதனால் விளங்கும்.

நற்கருணை கிட்டாத நிலையில் அவர் மற்றொன்று வேண்டினார். ஏழை நோயாளி ஒருவரை அவ்வீட்டுக்கே அழைத்துவந்து, தமக்குச் செய்யும் பணிவிடைகள் அனைத்தையும் வேறுபாடின்றி அவர்க்கும் செய்ய வேண்டும் என்பதே அது. தாம் இத்தனை பேரால் பேணப்படுகையில், தம்மினும் நலிந்த எத்தனையோ ஏழையர் இன்றியமையாதவையும் கிட்டாது கிடக்கின்றனர் என்னும் எண்ணம் அவரை உறுத்தியது. நற்கருணையில் தலைவராகிய கிறித்துவைப் பெற இயலவில்லையெனின், அவர்தம் உறுப்புகளாகிய ஏழையரில் அவரைப் பெற விழைந்தார். ஜில்பெர்த் பங்குக் குருவிடம் ஆளனுப்பினார். எடுத்துவரும் நிலையில் நோயாளி எவரும் அப்போது இல்லை என விடை வந்தது. அங்ஙனமாயின், தம்மையே தீரா நோயாளர் விடுதிக்குக் கொண்டு சென்று ஏழையரிடையே இறக்க விடுமாறு வேண்டினார். மருத்துவர் இசையவில்லை.

ஆகஸ்டு 17ஆம் நாள் நள்ளிரவில் கடும் வலிப்பு ஏற்பட்டது. இறந்துவிட்டார் என்றே அருகிருந்தோர் அஞ்சினர். நற்கருணையின்றிச் செல்லவிட்டோமே என்னும் துயரம் அவர்களை வாட்டியது. சிறிது பொழுதில் வலிப்பு நின்று நினைவு முழுமையாகத் திரும்பியது. பூரியே அடிகள் நற்கருணையுடன் அறையுட் புகுந்தார். அது கண்ட பாஸ்கல் பெருமுயற்சியுடன் தாமே பாதி எழுந்தமர்ந்து, கண்ணீர் மல்க அதனைப் பெற்றார். நோயில் பூசுதலும் அளிக்கப்பெற்றது. நன்றி கூறி, கடவுள் தம்மை ஒருபோதும் கைவிடாதிருக்க வேண்டும் என வேண்டினார். அவர் வாயினின்று வந்த இறுதி மொழி அவ்வேண்டுதலே. மீண்டும் வலிப்பு தொடர்ந்தது. 24 மணி நேரம் கழித்து, 1662ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் பின்னிரவு ஒரு மணிக்கு உயிர் பிரிந்தது. அப்போது அவர்க்கு அகவை 39 ஆண்டும் 2 திங்களும். பாரிசின் புனித எத்தியேன் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

மார்கரித் பெரியே தம் மாமன் மறைந்து எழுபது ஆண்டுகட்கு மேல் வாழ்ந்து, 1733ஆம் ஆண்டில் மறைந்தார். நலம் பெற்றவரின் நீண்ட வாழ்வும், நலம் பெறாதவரின் குறுகிய வாழ்வும் ஒரே குடும்பத்தில் அருகருகே அமைந்தன. எவர்மேல் கடவுளின் அன்பு மிகுதி என அளந்து கூற எவராலும் இயலாது. அளக்க முயலவேண்டியதில்லை என்பதே பாஸ்கலின் மன்றாட்டு கற்பிக்கும் பாடமுமாகும்.

நோயுற்றோர் நலம் வேண்டுதல் இயல்பு, மருந்துண்ணுதல் கடமை. அவர் இவ்விரண்டையும் விலக்கியவரல்லர். நலம் வந்தாலும் வராவிட்டாலும் வீணாகாத ஒன்று உண்டு என அவர் கண்டார், அதனையே வேண்டினார். அவ்வேண்டுதல் நிறைவேறியதா என வினவுவார்க்கு விடை, அவர் விட்டுச்சென்ற வீட்டிலேயே இருந்தது. அங்கு அம்மை கண்ட ஏழைச் சிறுவன் ஒருவன், இடம்பெயராது தன் படுக்கையிலேயே படுத்திருந்தான்.